திருத்தப்பட்டவள்

ஒட்டகத்தின் திமிலுக்குள் தண்ணீர் இருக்கிறது என்று விமான நிலைய வரிசையில் அவர்களுக்கு முன்னால் நின்றவர் அடித்துச் சொன்னார். சாதாரணத் தண்ணீர் இல்லையாம், உப்புத் தண்ணீராம். அது அவ்வப்போது தொண்டை வரைக்கும் ஏறிவிடுவதால்தான் ஒட்டகம் எந்நேரமும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறதாம். சுவரில் பதித்திருந்த அளவளாவி, "அப்படியா, அழகு!" என்றது. பச்சை விளக்கு எரிந்தது. அவர் பெட்டியை உருட்டிக்கொண்டு ஜம்மென்று உள்ளே போனார்.

அருள்சீலி தன் கணவரின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"திமில்ல இருக்கறது கொழுப்பு" என்றார் ஜெரால்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கொழுப்புதான். யாருக்குன்னுதான் தெரியல. வாய மூடிட்டு வாங்க, காவலர் நிக்கிறாரு."

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. அடுத்தவர் தப்பைத் திருத்துவது குற்றமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. முகத்தையும் குரலையும் கைரேகையையும் யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம் என்று ஆன போலிக் காலத்தில், அரசாங்கங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. ஒருவரிடமிருந்து திருட முடியாதது அவர் மண்டைக்குள் கிடக்கும் குப்பை ஒன்றுதான் என்று அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். படித்த பாடம் எல்லோருக்கும் பொது. ஆனால் எங்கோ அரைகுறையாகக் கேட்ட துணுக்கு, பொருள் தெரியாமலே பிடித்துப்போன சொல், பழைய படங்களைப் பற்றிய சொந்த சித்தாந்தம் ஆகியவை ஒவ்வொரு தலையிலும் ஒவ்வொரு விதமாக உளுத்துப் பூத்துக் கிடக்கின்றன. அதிலும் தப்பாகத் தெரிந்துவைத்திருப்பதற்கு நிகரான முத்திரை வேறில்லை. சரியான விடை ஒன்றுதான், தப்பு ஆளுக்கொன்று.

அதற்காக வந்ததுதான் அளவளாவி. தட்டு அளவுக் கண்ணாடியும் அதற்குப் பின்னால் இருந்து வரும் இதமான குரலும். பழைய படங்களில் வில்லன் ஏன் சுடாமல் பேசிக்கொண்டே இருக்கிறான், ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம், பழந்தமிழில் ஞமலி என்றால் என்ன என்று அது பாட்டுக்கு வெட்டிப்பேச்சு பேசும். விடை சரியா தப்பா என்று அதற்குக் கவலையில்லை. உலகத்தில் வேறு எவரிடமும் இல்லாத ஏதோ ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். அதற்குப் பெயர் தனியிடம். நீங்கள் ஒன்றை மனதார நம்புகிறீர்களா, நம்புவதுபோல நடிக்கிறீர்களா என்பது உங்கள் கண்மணியிலேயே அதற்குத் தெரிந்துவிடும். நம்பிக்கையை நம்பிக்கை என்று எழுதிக்கொள்ளும், பொய்யைப் பொய் என்று எழுதிக்கொள்ளும்.

ஆகவே நாகரிகம் மாறியது. பக்கத்து வீட்டுக்காரர் சூரியன் மேற்கே உதிக்கிறது என்றாலும் "அப்படியா, அழகு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது பண்பு. திருத்துவது, அவர் சட்டைப்பைக்குள் கை விடுவதற்குச் சமம்.

ஜெரால்டுக்கு அது உயிர் போகிற வேதனை. மின்வாரியத்தில் வேலை பார்த்தவர் என்றாலும் அவர் உயிர் இருந்தது தகவல்களில்தான். இளமையில் உள்ளூர்ப் பண்பலை ஒன்றில் வினாடிவினா நடத்தியவர். எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்காமல் நம்ப மாட்டார். சட்டம் வந்ததும் வெளியே வாயைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்குள் சட்டம் ஏது? அங்கே சீலி இருந்தாள்.

கல்யாணமாகி வந்தபோது அவள் மூட்டை மூட்டையாகத் தப்பு கொண்டுவந்தாள். கொண்மூ என்றால் எள் வைத்த கொழுக்கட்டை என்று நினைத்திருந்தாள். "மேகம்" என்றார் ஜெரால்டு. மகுடி ஓசைக்குப் பாம்பு மயங்கும் என்றாள். பாம்பு ஆடுவது குழலின் அசைவைப் பார்த்து, இசைக்கு இல்லை என்று அவர் படம் போட்டு விளக்கினார். தலையில் அடிபட்டு நினைவு போனவருக்கு அதே இடத்தில் இன்னொரு அடி கொடுத்தால் நினைவு திரும்பிவிடும் என்று, படங்களில் பார்த்த வைத்தியத்தை அவள் மருத்துவம் என்றே நம்பியிருந்தாள். அதற்கு அவர் ஒரு நரம்பியல் புத்தகத்தையே வாங்கிவந்தார். எல்லாம் அன்போடுதான். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துடைத்து, அவள் தலையைப் பளிங்குத் தரையாக்கிவிட்டார். அவளும் பெருமையாகத்தான் இருந்தாள், அந்த வாயிலுக்கு வரும் வரைக்கும்.

ஜெரால்டு முன்னால் போனார். கொஞ்ச நேரம் பேசினார். பச்சை. சீலி தன் கைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். பெட்டிக்குள் தாலியும் கூறைப்புடவையும் இருந்தன. மறுநாள் காலை போர்ட் பிளேரில் அவர்கள் ஒரே மகன் ரோஷனுக்குக் கல்யாணம். அவர்கள் பிடிக்க வேண்டியது அன்றைய கடைசி விமானம்.

அளவளாவி அவளோடு நெடுநேரம் பேசியது. வாழைப்பழம் தாவரவியல்படி ஒரு சதைக்கனி என்றாள். வௌவாலுக்குக் கண் தெரியும் என்றாள். காளைக்குச் சிவப்பு நிறத்தின்மேல் தனிக் கோபம் கிடையாது என்றாள். பழைய படங்களில் பாட்டுக்கு நடுவே உடை மாறுவது ஏன் என்று கேட்டதற்குக்கூட, படப்பிடிப்பு பல நாட்கள் நடப்பது முதலான நான்கு காரணங்களைத் தெளிவாகச் சொன்னாள். எல்லாமே ஜெரால்டு சொல்லிக்கொடுத்தவை.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

நஸ்ரின் என்ற இளம் அதிகாரி வந்து இருவரையும் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனாள். கையில் தொடுதிரை, முகத்தில் சங்கடம்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. நீங்க சொன்னது எல்லாமே சரியா இருக்கு."

"அதுல என்னம்மா பிரச்சினை?"

"அதான் பிரச்சினை. போலிங்கதான் இப்படிப் பேசும். பொதுவுல கெடக்குற சரியான தகவல வச்சுத்தான அதுங்களச் செய்றாங்க? உங்ககிட்ட தனியிடம் ஒண்ணுகூட இல்ல. அதோட..." அவள் கொஞ்சம் தயங்கினாள். "உங்க பேச்சு முழுக்க சாரோட பேச்சுக்குள்ள அடங்கிடுது. கணினில நீங்க சாரோட நகல்னு வருது."

"நானா? நகலா?"

"கடைத்தெரு வாயில் எல்லாம் சிரிச்சாலே தொறந்துடும். இது கடல் தாண்டுற வாயில், கொஞ்சம் கறார்."

சீலிக்குக் காது சுட்டது. பெற்றது அவள், வளர்த்தது அவள், பெண் பார்த்து முடித்ததும் அவள். இங்கே கண்ணாடித் தட்டு ஒன்று அவளைப் புருஷனின் நகல் என்கிறது. அவள் திரும்பி ஜெரால்டைப் பார்த்தாள். அவர் வேறு ஒன்றில் சிக்கியிருந்தார்.

"ஒரு நிமிஷம்மா. அப்ப எனக்கு எப்படிப் பச்சை வந்துச்சு? நானும் எல்லாம் சரியாத்தான சொன்னேன்?"

"உங்ககிட்ட தனியிடம் ஒண்ணு இருக்கு சார். ஒண்ணே ஒண்ணு."

"தனியிடம்னா... தப்பா? எங்கிட்டயா?"

"அத நான் சொல்லக்கூடாது சார். சட்டம்."

"ஒட்டகமா? இல்லயே. ஆக்டோபஸ் மூணு இதயம், சரிதான். பெங்குவின் பத்தி ஏதாவது சொன்னனா?" அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். ஊருக்கெல்லாம் தப்புக் கண்டுபிடித்தவருக்குத் தன்னிடம் ஒன்று இருக்கிறது என்றதும் சட்டைக்குள் எறும்பு புகுந்துவிட்டது.

"என்னங்க, என்னையப் பாருங்க. நாளைக்குக் கல்யாணம்."

"ஆமாமா. ஒண்ணு பண்ணலாம். தாலிய எங்கிட்டக் குடு, நான் ஏறிடுறேன். நீ நாளைக்கு இதச் சரி பண்ணிட்டு வந்துரு."

"நாளைக்குச் சாயங்காலம் வந்து, பாத்திரம் கழுவணுமா?"

அப்போது பார்த்து ரோஷனிடமிருந்து அழைப்பு வந்தது. "அம்மா, ஏறியாச்சா? பூசைக்குக் கோயிலுக்குள்ள உன் கையப் புடிச்சுட்டுத்தான் போவேன்னு ஃபாதர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்." ஏறிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நஸ்ரினுக்கு மனசு கேட்கவில்லை. "மறுபேச்சுன்னு ஒண்ணு இருக்கு ஆன்ட்டி. உங்களையும் சாரையும் ஒண்ணா உக்கார வச்சு அளவளாவி பேசும். சாருக்குத் தெரியாத ஏதாவது ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னு சார் மூஞ்சிலயே தெரியணும். தப்பா இருக்கணும்னு இல்ல, ரகசியமா இருந்தாக்கூடப் போதும். உங்ககிட்ட மட்டும் இருக்கணும்."

"எங்களுக்குள்ள ரகசியமே கிடையாதும்மா" என்றார் ஜெரால்டு, கம்பீரமாக.

சீலி அவர் முகத்தைப் பார்க்காமல் கைப்பெட்டியின் கொக்கியைச் சரிபார்த்தாள்.

மறுபேச்சு அறையில் இரண்டு நாற்காலிகளும் ஒரு கண்ணாடியும் மட்டும்தான். அளவளாவி வழக்கம்போல ஊர்க்கதை பேசியது. மழைப் பாட்டில் காதலர்கள்மேல் மட்டும் மழை பெய்வது ஏன், வெருகு என்றால் என்ன என்று கேட்டது. சீலி ஒன்றைத் தொடங்கினால் ஜெரால்டு முடித்தார். அவர் தொடங்கினால் அவள் முடித்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. வெளியே விமானத்துக்கான அழைப்பு கேட்டது.

"நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள்?" என்றது அளவளாவி.

ஜெரால்டின் முகம் மலர்ந்தது. அவர் இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை, சாவு வீடும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை காலைல பண்பலைல ஒரு நிகழ்ச்சி நடத்துனேன். 'தெரிஞ்சவங்க கையத் தூக்குங்க'ன்னு பேரு. வானொலில கையத் தூக்குனா யாருக்குத் தெரியும்னு நிலையத்துல சண்டை போட்டாங்க, நான் கேக்கல. ஒரு நாளு, குட்டி போடுற ஆண் எதுன்னு கேட்டேன். ஊரே திணறுது. ஒரே ஒரு பொண்ணு ஃபோன் பண்ணி 'கடற்குதிரை'ன்னு சொல்லுச்சு. அருள்சீலின்னு பேரு. மறுநாள் பரிசு வாங்க நிலையத்துக்கு வந்துச்சு. பாத்தேன். அவ்வளவுதான். கடற்குதிரை தெரிஞ்ச பொண்ண யாராவது விடுவாங்களா?"

சீலி தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரிடம் தனியிடம் ஒன்று இருக்கிறது என்று நஸ்ரின் சொன்ன நிமிஷமே அந்த ஒரே ஒரு தப்பு எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் அவளிடம் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அவள் அவரிடம் இந்த ஒன்றை மட்டும் தொடாமல் வைத்திருந்தாள். அந்த ஒன்றுதான் இத்தனை காலம் அவருக்கு வாயில்களைத் திறந்துவிட்டிருக்கிறது. அதைத் தொட்டால் அவள் போகலாம்.

மறுபடி அழைப்பு கேட்டது.

"என்னங்க, அன்னைக்கு ஃபோன் பண்ணது நான் இல்ல."

"என்னது?"

"எங்க பெரியப்பா மக புளோராக்கா. அதுக்கு முந்தின வாரம்தான் அவ ஜெயிச்சிருந்தா. ஒரே மாசத்துல ரெண்டு தடவ பரிசு குடுக்க மாட்டீங்கன்னு எம் பேரச் சொல்லிட்டா. அடையாள அட்டை கேப்பாங்கன்னுதான் பரிசு வாங்க என்னைய அனுப்புனா. பரிசாக் குடுத்த அந்த ஹாட்பாக்ஸு அவ வீட்டுலதான் கெடந்துச்சு. எனக்குக் கடற்குதிரையும் தெரியாது, கழுதக் குதிரையும் தெரியாது."

ஜெரால்டு கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். சரிபார்க்க எங்கே போவது என்று தெரியாதவர்போல இருந்தது அந்தப் பார்வை.

"ஏன் சொல்லல?"

"கடற்குதிரை தெரிஞ்ச பொண்ணத்தான நீங்க கட்டுனீங்க. சொன்னா என்னைய என்ன பண்ணுவீங்கன்னு பயமா இருந்துச்சு. அப்புறம் பிள்ளை பொறந்துட்டான், சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அளவளாவி மெல்லிய மணியோசை எழுப்பியது. "அருள்சீலி அவர்களே, உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி. நல்ல பயணம்." கதவுக்குமேல் பச்சை எரிந்தது. பக்கத்திலேயே ஜெரால்டின் பெயருக்கு நேரே மஞ்சள்.

நஸ்ரின் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "சாரி சார். உங்க தனியிடம் போயிருச்சு. இப்ப நீங்க ஆன்ட்டியோட நகல்னு காட்டுது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஜெரால்டு பெண்டாட்டியின் வாயால் கெட்டார். ஆனால் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சீலிக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "நீ போ சீலி" என்றார். "பையன் தனியா நிப்பான். எனக்கு இனிமே தப்பா எதையும் நம்ப வராது. முயற்சி பண்ணாக்கூட வராது. நீ போய்ட்டு வா."

வழுக்கை விழுந்து கண்ணாடி போட்டிருந்த அந்த மனிதரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. தாலியை மட்டும் வாங்கிக்கொண்டு இவர் தனியாக ஏறியிருப்பார் என்பது மறந்துபோகவில்லை. ஆனாலும் கோயில் வாசலில் ரோஷன் அப்பாவைத் தேடுவான். அவளும் தேடுவாள்.

அவள் அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"நான் பாதிதான் சொன்னேன். மீதியக் கேளுங்க. புளோராக்கா வேற யார் பேரையும் சொல்லியிருக்கலாம்ல? அவளுக்கு ஆறு தங்கச்சிங்க. ஏன் எம் பேரச் சொன்னா?"

"ஏன்?"

"நாந்தான் சொல்லச் சொன்னேன். பரிசு வாங்கப் போனா உங்களப் பாக்கலாம்ல. ஒரு ஞாயித்துக்கிழமை விடாம உங்க நிகழ்ச்சியக் கேட்டுட்டு இருந்தேன். கேள்வி ஒண்ணும் புரியாது, குரலுக்காகத்தான் கேட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

உண்மை என்னவென்றால், அவள் அதுவரை அந்த நிகழ்ச்சியை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. ஞாயிறு காலையில் அவள் கோயில் பாடகர் குழுவில் இருந்தாள். நிலையத்துக்குப் போனது, போய்வந்தால் ரோஸ்மில்க் வாங்கித்தருகிறேன் என்று புளோரா சொன்னதால்.

ஜெரால்டின் முகத்தில் ஒரு வெட்கம் படர்ந்தது. பிறகு, வானொலி நிலையத்தின் வரவேற்பறையில் ஹாட்பாக்ஸை நீட்டிக்கொண்டு நின்ற அந்தக் கால இளைஞனின் முகம் ஒரு கணம் வந்து நின்றது. அவளுக்கே அதை மறுபடி பார்ப்போம் என்ற எண்ணம் இருந்ததில்லை.

மணி ஒலித்தது, அவர் பெயருக்கு நேரே பச்சை எரிந்தது. "ஜெரால்டு அவர்களே, உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி."

"ஓடுங்க ஓடுங்க, கதவச் சாத்திருவாங்க" என்றாள் நஸ்ரின், அவர்களைவிடப் பரபரப்பாக.

அவர் துள்ளாத குறையாக நடந்தார். பாதி வழியில் நின்றார். அவருக்குக் கணக்குத் தெரியும். தனியிடம் இல்லாதவருக்குப் பச்சை எரியாது. இப்போது எரிந்தது என்றால், சற்றுமுன் அவர் நம்பிய ஏதோ ஒன்று உண்மை இல்லை. சற்றுமுன் அவர் நம்பியது ஒன்றே ஒன்றுதான். ஞாயிறு காலையில் அவள் எங்கே பாடிக்கொண்டிருந்தாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"சீலி" என்றார்.

"என்னங்க?"

அவர் வாயைத் திறந்தார். வாழ்நாளெல்லாம் பழகிய வாய். பிறகு அதை மூடிக்கொண்டார். "ஒண்ணுமில்ல. முறுக்குப் பைய எடுத்துட்டியா?"

"தோள்ல தொங்குது, தெரியல?"

விமானத்தின் வாசலில் இன்னொரு அளவளாவி இருந்தது, கைக்கண்ணாடி அளவில். அங்கேதான் எல்லாம் வெளுத்துவிடும் என்று சீலிக்குத் தெரியும். சந்தேகம் தட்டிவிட்டது அவருக்கு. நம்புவதுபோல நடித்தால் அது நடிப்பு என்றுதான் எழுதிக்கொள்ளும். அவள் கைப்பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள்.

"உங்கள் மனைவி உங்கள் நிகழ்ச்சியைக் கேட்பாரா?" என்றது அது.

ஜெரால்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு பேச்சை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஒரு ஞாயித்துக்கிழமை விடாம" என்றார்.

பச்சை.

சீலிக்குக் கண் கலங்கியது. அந்த மனிதர் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றைச் சரிபார்க்காமல் வைத்துக்கொண்டார். இனி அவள் இதை எந்நாளும் காப்பாற்றியாக வேண்டும். மகனிடம் சொல்ல முடியாது, ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது.

"உங்கள் கணவரின் நிகழ்ச்சியைக் கேட்பீர்களா?" என்று அளவளாவி அவளிடம் கேட்டது. ஜெரால்டு உள்ளே போகாமல் கதவருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஞாயித்துக்கிழமை விடாம" என்றாள் சீலி.

இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள், அவர் நம்பிச் சொன்னார், அவள் பொய்யாகச் சொன்னாள். இயந்திரம் அவள் கண்மணியைப் பார்த்தது, பச்சை விளக்கை ஏற்றியது, அவர்கள் இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டது.